தேதி இல்லாத வாக்கியங்கள்

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது எது என்று யாராவது கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இதுபோன்ற இதழ்களில் வந்த என் இரண்டு சிறுகதைகளையும் சேர்த்து முந்நூறு பேர் படித்திருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். ஆனால் குளியலறைக்கு வாட்டர் ஹீட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று மலாயில் நான் எழுதிய ஒரு கட்டுரையை மாதத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் திறந்து பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று எழுதுவதும் தவறு. நான் அந்த வேலையை விட்டு மூன்று வருடமாகிவிட்டது, கட்டுரை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பெயர் இல்லை, தேதி இல்லை. தலைப்பில் மட்டும் ஓர் ஆண்டு இருக்கும். அது எப்போதும் இந்த ஆண்டாகவே இருக்கும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

2021இல் மின்பொறியியல் முடித்து வெளியே வந்தபோது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலம். தொழிற்சாலைகளில் புதிதாக ஆள் எடுக்கவில்லை. வாட்டர் ஹீட்டர், ஏர்கோன் விற்கும் ஒரு நிறுவனத்தில், பொறியியல் தெரிந்த, ஓரளவு எழுதவும் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். எழுத்தாளனாகச் சம்பளம் வாங்கப்போகிறோம் என்று உள்ளூர ஒரு பெருமிதம் இருந்ததை மறைப்பதற்கில்லை.

முதல் நாள் விளம்பரப் பிரிவு அக்கா வெள்ளைப் பலகையில் இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று ஊசிபோல எழுந்து மறுநாளே தரையில் விழுந்தது. "இது நியூஸ். இன்னிக்கு எல்லாரும் படிப்பாங்க, அடுத்த வாரம் ஒருத்தரும் வரமாட்டாங்க." இன்னொன்று மெதுவாக மேடேறி அப்படியே நின்றது. "இதுதான் எவர்கிரீன். ஒரு தடவ எழுதுறோம், ஒரு தடவ காசு கொடுக்கிறோம். அஞ்சு வருஷத்துக்கு அது நமக்காக ஆள் கூட்டிட்டு வரும். சம்பளம் கேக்காத சேல்ஸ்மேன் தம்பி."

எனக்கு அதுவரை எவர்கிரீன் என்றால் மின்னல் பண்பலையில் போடும் பழைய பாட்டு. அம்மா சமையலறையில் கூடவே பாடுவார். பாடிக்கொண்டே, இது வந்த வருஷம்தான் நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தோம் என்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கா சொன்ன எவர்கிரீன் அதற்கு நேர்மாறானது. அதில் எந்த வருஷமும் ஒட்டியிருக்கக்கூடாது.

விதிகள் எளிமையானவை. விலை போடாதே. 'அண்மையில்', 'போன வருடம்' கூடாது. கோவிட் பற்றி மூச்சு விடாதே. அமைச்சர், சட்டம், விதி எண் எதுவும் வேண்டாம், எல்லாம் மாறக்கூடியவை. ஊர்ப் பெயர் வேண்டாம், ஜோகூர்க்காரர் பினாங்கு என்று பார்த்தால் தனக்கில்லை என்று போய்விடுவார். ஒரு கட்டுரையை எழுதி முடித்த பிறகு, எது எது கெட்டுப்போகுமோ அதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். மீன் சுத்தம் செய்வதைப்போல. குடல், செவுள், செதில் எல்லாம் போய் வெள்ளைச் சதை மட்டும் மிஞ்சும். ஐஸில் வைத்தால் நாள்கணக்கில் இருக்கும்.

ஆறு மாதத்தில் இதில் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். பிரச்சினை எங்கே என்று சொல்ல கொஞ்சம் மின்சாரம் பேசவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு டிபி பெட்டியில் ஆர்சிசிபி என்று ஒன்று இருக்கும். போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சமமில்லை என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள், உடனே இணைப்பை வெட்டும். எவ்வளவு கசிந்தால் வெட்டும் என்பதுதான் விஷயம். வீட்டு மொத்தத்துக்குமான பழைய ஆர்சிசிபி பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர். தீ விபத்தைத் தடுக்க அது உதவும், ஆளைக் காப்பாற்ற அதை நம்பமுடியாது. 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசை இறுகிப் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். சில பத்து மில்லி ஆம்பியர் இதயத்தின் தாளத்தைக் குலைக்கப் போதும். அதனால்தான் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள், தரை ஈரமாக இருக்கும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத காப்பு வேண்டும் என்கின்றன. வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக ஓர் ஆர்சிசிபி என்று வயர்மேன்கள் சொல்வது இதைத்தான்.

நான் இதை எழுதியிருந்தேன், விதியின் ஆண்டோடும் எண்ணோடும். அக்கா திருத்தி அனுப்பியதில் அந்தப் பத்தி இல்லை. மெனக்கெட்டுப் போய்க் கேட்டேன்.

"ரூல்ஸ் மாறுனா யாரு போய்த் தேடித் திருத்துவா? மில்லி ஆம்பியர்னு போட்டா பாதிப் பேரு பயந்து மூடிட்டுப் போயிடுவாங்க. பொதுவா எழுது."

பொதுவாக எழுதினேன். வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் தகுதி பெற்ற வயர்மேனை அணுகுங்கள். அவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்தக் காலத்திலும் இது பொய்யாகாது. நான் அதிர்ந்துபோகவில்லை, சண்டை போடவில்லை. மதியம் நாசி கண்டார் சாப்பிடப் போனேன்.

அடுத்து ஆண்டு விவகாரம். தலைப்பில் நடப்பு ஆண்டு இருந்தால் ஆட்கள் அதிகம் சொடுக்குகிறார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. வருடா வருடம் கையால் மாற்றுவது தொல்லை. "நீ இன்ஜினியர்தானே, தானா மாறுற மாதிரி பண்ண முடியுமா?" என்றார் அக்கா. ஒரு வரி நிரல். பத்து நிமிட வேலை. கணினியின் கடிகாரத்தைப் பார்த்து, தலைப்பில் ஆண்டையும் அடியில் 'புதுப்பிக்கப்பட்டது' என்பதற்குப் பக்கத்தில் அந்த மாதத்தையும் அது போட்டுக்கொள்ளும். வேலை செய்வதைப் பார்த்து எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த வருடத் தீபாவளிக்கு சுங்கைப் பட்டாணி மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதுகளில் கட்டிய தாமான் வீடு. மாமிக்கு முட்டிவலி, பச்சைத் தண்ணீர் ஆகவில்லை என்று புதிதாக ஹீட்டர் மாட்டியிருந்தார்கள். "எண்ண தேச்சுட்டு இதுலயே குளிடா, பொறவு பலகாரம் சாப்புடலாம்" என்றார் மாமா. நல்ல சூடு. வெளியே வந்து, தொழில் புத்தி, டிபி பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய ஆர்சிசிபி ஒன்று மட்டும். மேலே 0.1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. ஹீட்டருக்கென்று தனியாக எதுவும் இல்லை.

"மாட்டுனவன் ஒண்ணும் சொல்லலையா மாமா?"

"சொன்னான். தனியா ஒண்ணு போடணும், நூத்தம்பது வெள்ளி ஆவும்னான். இவனுங்க இப்படித்தானே காசு புடுங்குவானுங்க. நான் போன்ல எடுத்துக் காட்டிட்டேன். டிபியில ஆர்சிசிபி இருந்தா போதும்னு கம்பெனியே போட்டிருக்கான், பாருன்னேன். ஒண்ணும் பேசல, போயிட்டான்."

போனை வாங்கிப் பார்த்தேன். 2025 வழிகாட்டி என்று தலைப்பு. என் பத்தி, என் வாக்கியங்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஹீட்டருக்குள்ளேயே ஒரு காப்பு இருந்தது. மூன்றாம் நாள் பதிவு பெற்ற வயர்மேனை வரவழைத்து 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டாயிற்று. நானே மாட்டியிருக்கலாமே என்றால், பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் யாரும் வீட்டு வயரிங்கைத் தொடக்கூடாது, அதற்கு வயர்மேன் சான்றிதழ் வேண்டும். அசம்பாவிதம் ஏதும் இல்லாததால் இதைப் பெரிதுபடுத்துகிறேனோ என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அந்த ஹீட்டர் மாட்டியவர் சரியானதைச் சொன்னார். முகம் தெரிந்த ஒருவர், வாசலில் நின்றுகொண்டு, தன் வாயால் சொன்னார். அவரை வாயடைக்க என் கட்டுரை பயன்பட்டிருக்கிறது.

நான் பொய் சொன்னேனா? வாக்கியம் வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் இல்லை. ஹாரி ஃபிராங்க்பர்ட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 2005இல் புத்தகமாக வந்த தன் சிறிய கட்டுரையில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். பொய் சொல்பவனுக்கு உண்மை எது என்பதில் அக்கறை இருக்கிறது, அதை மறைக்கவேண்டுமே. வெற்றுப் பேச்சு பேசுகிறவனுக்கு உண்மையா பொய்யா என்பதே பொருட்டில்லை, காரியம் நடந்தால் போதும். அந்த இரண்டாவது ஆள் மோசமானவன் என்பது அவர் கட்சி. படித்தபோது நன்றாக இருந்தது. ஆனால் என் கட்டுரைக்கு அது பொருந்தவில்லை. அக்கறையில்லாமல் இருக்கவும் ஓர் ஆள் வேண்டுமே. ஜனவரி 1 நள்ளிரவில் '2024 வழிகாட்டி' '2025 வழிகாட்டி' ஆனபோது அங்கே யார் இருந்தார்கள்? அக்கா வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்தேன். முதலாளி அந்தப் பக்கத்தைப் படித்திருப்பாரா என்பதே சந்தேகம். ஒரு கடிகாரம், ஒரு நிபந்தனை வரி, இரண்டும் சேர்ந்து, இதை இந்த ஆண்டு யாரோ பார்த்துச் சரிசெய்தார்கள் என்று நாட்டு மக்களுக்கு அறிவித்தன.

எனக்குப் புலப்பட்டது இதுதான். தேதி என்பது தகவல் மட்டுமில்லை, அது கையெழுத்து. இந்த நாளில் நான் பார்த்தேன், இதுவரைக்கும் நான் பொறுப்பு, இதற்குப் பிறகு நீ பார்த்துக்கொள் என்று படிப்பவரிடம் சொல்வது. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் சாகாவரம் பெறுவதில்லை, அனாதையாகிறது. தானாக மாறும்படி வைத்துவிட்டால் இன்னும் மோசம், கையெழுத்தைப் போலியாகப் போடுகிறோம்.

இதை நான் எழுத்தாளனாகக் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை. பொறியியல் வரைபடம் எதையும் பாருங்கள், வலப்பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர், தேதி, திருத்த எண். திருத்தம் செய்தால் பழையதை அழித்து நைஸாக எழுத முடியாது, மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம்போல ஒரு கோடு போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் ஆலையில் 1990களில் வரைந்த வரைபடங்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றை நம்பி கை வைக்கிறோம் என்றால், அவை எவ்வளவு பழையவை என்று தெரிவதால்தான். திருத்தக் கட்டம் இல்லாத வரைபடத்தைக் கொண்டுவந்தால் ஃபோர்மேன் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். காலையில் வரைபடத்தோடு இப்படிப் பழகும் நான், அதே படிப்பை வைத்துத்தான் அந்த நிரல் வரியை எழுதினேன்.

மாறாத விஷயங்கள் இல்லையா என்று கேட்கலாம். ஓமின் விதி மாறாது. ஆனால் அதில் போடுகிற எண் மாறும். நம் வீட்டு மின்னழுத்தம் 2007 முடிய 240 வோல்ட், 2008 ஜனவரி 1 முதல் 230. ஏர்கோனுக்கு மாதம் எவ்வளவு கட்டணம் வரும் என்று கணக்கிட ஒரு கட்டுரை எழுதினேன். அக்கா அதில் மட்டும் விலைக்கு அனுமதி கொடுத்தார். வீடுகளுக்கான படிநிலைக் கட்டணம் 2014 ஜனவரியிலிருந்து மாறவே இல்லை, முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், எங்கே மாறப்போகிறது என்றார். 2025 ஜூலை 1ஆம் தேதி தீபகற்பத்தில் அந்தப் படிநிலையையே எடுத்துவிட்டு வேறு கட்டமைப்பு கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையும் தலைப்பில் 2025 என்று போட்டுக்கொண்டு 2014ஆம் ஆண்டுக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நிறுவனங்கள் எழுதுவதெல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டவும் மனம் வரவில்லை. 1900இல் மிஷலின் டயர் நிறுவனம் ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம். ஆட்கள் அதிகம் கார் ஓட்டினால்தான் டயர் தேயும், அதுதான் நோக்கம். (என் பாட்டி பால்மரம் சீவியதையும் டயரையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தால் வேறு கட்டுரை ஆகிவிடும்.) உலகில் ஒரு நிறுவனம் எழுதியவற்றில் இவ்வளவு காலம் நின்றவை சிலவே. அதன் ஒவ்வொரு பதிப்பும் அந்தந்த ஆண்டுக்கு உரியது. 1944இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கப்போகும்போது பிரெஞ்சு நகரங்களின் வரைபடங்களுக்காக இந்தக் கையேட்டின் 1939ஆம் ஆண்டுப் பதிப்பை மறுபடி அச்சடித்துக்கொண்டார்கள். ஐந்து வருடம் பழையது, நடுவில் ஒரு போர். எல்லாம் தெரிந்தே எடுத்துப் போனார்கள். 1939 என்று தெரிந்ததால் எவ்வளவு நம்புவது என்றும் தெரிந்தது. அட்டையில் தானாக 1944 என்று மாறியிருந்தால்?

இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். நம் வீடுகளில் மளிகைக்கடையோ நகைக்கடையோ கொடுத்த நாள்காட்டி மாட்டியிருக்கும். கடைப் பெயர் கொட்டை எழுத்தில், கீழே இராகு காலம், ஏகாதசி, பள்ளி விடுமுறை. அதைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும் எழுத்து உண்டா? தினம் ஒரு தாள் செத்துப்போகிறது. கிழித்த தாளில் பாட்டி வெற்றிலை மடித்து வைப்பார். அந்தக் கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, 365 நாளும் எங்கள் சுவரில் இருந்தார். அடுத்த வருடத்துக்கு மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். திரும்பச் செய்யவேண்டும் என்ற அந்தச் சலிப்பான வேலையைத்தான் எவர்கிரீன் தவிர்க்கப் பார்க்கிறது.

இலக்கிய வாசகர்கள் இந்த இடத்தில் குறளைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும், காலத்தை வென்றதற்கு நாம் எப்போதும் நீட்டும் சாட்சி அது. எனக்கு அகப்பாடல்கள்தான் நினைவுக்கு வந்தன. அக்காவைப்போலவே தொல்காப்பியமும் பெயரை எடுக்கச் சொல்கிறது, தலைவன் தலைவிக்குப் பெயர் சுட்டக்கூடாது. யாருக்கும் பொருந்தவேண்டும் என்பதுதான் அங்கேயும் காரணமாக இருக்கும். ஆனால் அதே தொல்காப்பியம் முதற்பொருள் என்று எதை வைக்கிறது? நிலத்தையும் பொழுதையும். எந்த மண், எந்த மாதம், யாமமா மாலையா. செம்புலப்பெயல்நீரார் என்கிறோமே, அவருடைய உண்மையான பெயர் தொலைந்துவிட்டது, சிவந்த நிலத்தில் விழுந்த ஒரு மழைதான் அவர் பெயராக நிற்கிறது. ஊரையும் மழையையும் எடுத்துவிட்டு, 'காதலர் மனம் ஒன்றுபடுவது சிறப்பு, சந்தேகம் இருந்தால் தகுதி பெற்றவரை அணுகவும்' என்று எழுதியிருந்தால் இன்றுவரை பொய்யாகாமல்தான் இருந்திருக்கும்.

அக்காவை வில்லியாக்கிவிட்டேனோ என்று சங்கடமாக இருக்கிறது. அவரிடம் ஒருநாள் தேதி போடலாமே என்று கேட்டதும் உண்டு. "2019ன்னு இருந்தா நீ தொறப்பியா? உண்மையச் சொல்லு." திறக்கமாட்டேன். இன்றைக்கும் பம்ப் பழுதுக்கு ஏதாவது தேடினால் பழைய ஆண்டைப் பார்த்ததும் என் விரல் தாண்டிப் போகிறது, உள்ளே இருப்பது சரியா தவறா என்று பார்ப்பதற்குக்கூட நான் காத்திருப்பதில்லை. புதுசு என்பதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம், அவர்கள் புதுசு என்று ஒட்டிக் கொடுக்கிறார்கள். அந்த அக்கா மாதாமாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று முதலாளிக்குக் கணக்குக் காட்டவேண்டியவர். மேலும், தகுதி பெற்ற வயர்மேனை அணுகுங்கள் என்றுதான் கட்டுரை சொன்னது, மாமா வந்த வயர்மேனையே விரட்டினார். இதை வைத்து நான் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். எந்தப் பத்தி, எந்த விதி, என்ன சேர்க்கவேண்டும் என்று வரிவரியாக. அந்தத் தலைப்பு நிரலை எடுத்துவிடுங்கள், எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. எங்கள் உள்ளடக்கம் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது என்றது. அந்த வாக்கியத்தை எங்கேயோ படித்ததுபோல இருந்தது. யாருடைய பெயரும் கீழே இல்லை.

புது ஆர்சிசிபி போட்ட அன்று வயர்மேன் வேலை முடித்து, டிபி மூடியின் உட்பக்கம் மார்க்கரால் தேதியும் தன் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை, அவர் பழக்கம். சாயங்காலம் மாமா வாசலில் முறுக்கும் தேநீருமாக உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

"மாமா, நீங்க போன்ல காட்டுனீங்களே, அத எழுதுனது நான்தான்."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நீயா? நல்லாத்தானடா எழுதியிருக்க." கொஞ்ச நேரம் கழித்து, "ஒம்பேரு எங்கயும் காணோமே" என்றார்.

"போடமாட்டாங்க மாமா."

"போட்டிருந்தா ஒனக்கே போன் பண்ணிக் கேட்டிருப்பேன்ல" என்றார்.